‘ஒத்துப்போகிறது’ என்ற சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் சட்டக் கல்லூரி மாணவி. துப்பாக்கிச் சூட்டு வழக்கில் தோட்டா துப்பாக்கியோடு ஒத்துப்போகிறது, பிடியில் டிஎன்ஏவும் கிடைக்கிறது என்றால் வழக்கை ஏன் இழுத்தடிக்க வேண்டும்? குற்றமற்றவன் அறிவியலுக்கு எதற்குப் பயப்பட வேண்டும்? இவ்விரண்டில் எது வலுவான சான்று?

க.

அன்புள்ள க.,

டிஎன்ஏ ஒருவர் அந்தத் துப்பாக்கியைத் தொட்டிருக்கலாம் என்று காட்டும். சுட்டது யார் என்று சொல்லாது. டிஎன்ஏ பற்றி இவ்வளவு போதும்.

என்னை உறுத்துவது ‘ஒத்துப்போகிறது’ என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதியதுதான். என் அப்பா வங்கி எழுத்தர். மாதிரிக் கையெழுத்து அட்டையையும் பணம் எடுக்கும் சீட்டையும் அருகருகே வைத்து, சுழிகளை விரலால் தொடர்ந்து பார்ப்பார். ஒருமுறை ஒரு மூதாட்டியை ‘கையெழுத்து ஒத்துப்போகவில்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். வாத நோயில் அவர் கை நடுங்கியிருக்கிறது, பணம் மருந்துக்கு. விவரம் தெரிந்த இரவு அப்பா சாப்பிடவில்லை. “என் கண்ணை யார் சரிபார்த்தார்கள்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

தோட்டாவை ஒப்பிடுவதும் கண் செய்கிற வேலைதான் அம்மா. குழலின் உட்புறப் பள்ளங்கள் தோட்டாவில் கீறல்களை விடுகின்றன. சோதனைக்காகச் சுட்ட தோட்டாவையும் உடலில் எடுத்ததையும் ஒப்பீட்டு நுண்ணோக்கியில் வைத்து, கீறலோடு கீறல் சேர்கிறதா என்று உருட்டி உருட்டிப் பார்க்கிறார்கள். எவ்வளவு சேர்ந்தால் போதும் என்று முடிவு செய்வது பார்க்கிறவர்.

அமெரிக்காவின் அலபாமாவில் 1985இல் இரண்டு உணவக மேலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மூன்றாவது உணவகத்தில் சுடப்பட்டவர் பிழைத்து, ஆண்டனி ரே ஹின்டனை அடையாளம் காட்டினார். ஹின்டன் ஏழை, கறுப்பினத்தவர். அந்த மூன்றாவது சூட்டின்போது அவர் பூட்டப்பட்ட ஒரு கிடங்கில் இரவு வேலையில் இருந்தார். அவருடைய தாயின் வீட்டில் ஒரு .38 ரிவால்வர் இருந்தது. மூன்று சம்பவங்களின் ஆறு தோட்டாக்களும் அதிலிருந்து வந்தவை என்றார்கள் அரசு ஆய்வாளர்கள்.

எதிர்த்தரப்பு நிபுணருக்கு 1,000 டாலருக்கு மேல் கிடைக்காது என்று ஹின்டனின் வழக்கறிஞர் நம்பினார். அந்த உச்சவரம்பைச் சட்டம் அதற்கு முன்பே நீக்கிவிட்டிருந்தது, அவர் படிக்கவில்லை. அந்தப் பணத்துக்குக் கிடைத்தவருக்கு ஒரு கண்தான் தெரியும். நுண்ணோக்கியை இயக்கவே பிறர் உதவி வேண்டியிருந்தது. அரசு வழக்கறிஞர் அதையே கேட்டு அவரைக் கூண்டில் குலைத்தார். மரண தண்டனை.

2002இல் மூன்று நிபுணர்கள், தோட்டாக்கள் அந்த ரிவால்வரிலிருந்து வந்தவை என்று சொல்ல முடியாது எனச் சாட்சியம் அளித்தார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட்டது 2014இல்.

இப்போது சொல்லுங்கள், குற்றமற்றவன் எதற்குப் பயப்பட வேண்டும்? சட்டம் படிக்கிற கை இதை எழுதக் கூசியிருக்க வேண்டாமா? கோபம்தான், நாளை ஒருவருடைய உயிர் உங்கள் கையில் இருக்கும் என்பதால் வருகிற கோபம். நம் நாட்டிலும் அரசு ஆய்வக நிபுணரின் அறிக்கையை, அவரைக் கூண்டில் ஏற்றாமலே சான்றாக ஏற்கச் சட்டத்தில் இடமுண்டு. நீங்கள் அவரை வரவழையுங்கள். எத்தனை கீறல்கள் பார்த்தீர்கள், வேறு யார் பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

ஹின்டன் 2015 ஏப்ரல் 3 அன்று வெளியே வந்தார். ரிவால்வர் வைத்திருந்த அந்தத் தாய் 2002இலேயே இறந்துவிட்டார்.