பாலியல் வன்கொடுமை கேஸ்ல புகார் கொடுத்தா என் பேரு எஃப்ஐஆர் (போலீஸ் போடுற முதல் தகவல் அறிக்கை) வழியா வெளிய வந்துடுமா?

சட்டப்படி வரக்கூடாதுங்க. பாலியல் வன்கொடுமை கேஸ்ல பாதிக்கப்பட்டவங்க யாருன்னு அச்சடிச்சாலோ வெளியிட்டாலோ பிஎன்எஸ்ங்கிற புது குற்றச் சட்டத்தோட 72வது பிரிவுல 2 வருஷம் வரைக்கும் ஜெயில், பழைய சட்டமான ஐபிசில இது 228ஏ. பேரு மட்டும் இல்ல, ஆள கண்டுபிடிக்க வைக்கிற எதுவுமே கூடாது. "பேரு போடல"ன்னு சொல்லிட்டு தெரு, காலேஜ், எந்த வருஷம்னு எல்லாத்தையும் போடுறாங்களே, அதுவும் தப்புதான்.

எஃப்ஐஆர் ஃபார்ம்ல புகார்தாரர் விவரம் எழுதுற இடத்துல பேரு, அப்பா பேரு, அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் வரிசையா இருக்கும். அதனாலதான் இந்த மாதிரி எஃப்ஐஆர ஆன்லைன்ல ஏத்தவே கூடாது, பேரு இருக்கிற பேப்பர சீல் வெச்ச கவர்ல வெச்சுட்டு மத்தவங்க பாக்குறதுக்கு பேரு எடுத்த காப்பிய வைக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2018லயே சொல்லிடுச்சு.

ஆனா நடைமுறைல ஓட்டை இருக்கு, மறைக்க மாட்டேன். 2019ல பொள்ளாச்சி பாலியல் கேஸ்ல போலீஸ் அதிகாரியே பேர சொன்னாரு, அரசாணைலயும் பேரு வந்துச்சு. 2024 டிசம்பர்ல அண்ணா பல்கலைக்கழக கேஸ் எஃப்ஐஆர் லீக் ஆச்சு, கேட்டா டெக்னிக்கல் கோளாறுன்னாங்க (எப்பவும் சொல்றதுதானே). ரெண்டுலயும் பாதிக்கப்பட்டவங்களுக்கு அரசு 25 லட்சம் கொடுக்கணும்னு ஹைகோர்ட் உத்தரவு போட்டுச்சு.

ஆபீஸ்ல நடந்த பாலியல் தொல்லைன்னா, வேலை பாக்குற இடத்துல பெண்களுக்கு பாலியல் தொல்லைய தடுக்குற 2013 சட்டத்தோட 16வது பிரிவு இருக்கு, அந்தப் புகார் விவரத்த ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) போட்டும் வாங்க முடியாது.