பஞ்சு பொம்மைகள் நம்மோடு எப்படிப் பேசும்?

பஞ்சு அடைத்த பொம்மைகள் தங்களை வைத்திருப்பவர்களோடு எப்படிப் பேசும் என்று கேட்டிருக்கிறீர்கள். உம் கொட்டித்தான் பேசும் என்பது என் பதில். கதை கேட்கிற பிள்ளை உம் கொட்டாவிட்டால் பாட்டி கதையை நிறுத்திவிடுவார் அல்லவா? அந்த 'உம்'மைச் சத்தமில்லாமல் சொல்லத் தெரிந்தவை இந்தப் பொம்மைகள்.

என் மகளிடம் சாம்பல் நிற யானை ஒன்று உண்டு. வாங்கி வந்த புதிதில் விறைப்பாக உட்கார்ந்திருக்கும். அப்போது அதனிடம் யாரும் எதையும் சொல்லத் தோன்றாது. அவள் எப்போதும் கழுத்தைப் பிடித்தே அதைத் தூக்குவாள். அந்த இடத்தில் பஞ்சு நசுங்கி, நாளடைவில் தலை இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. பிறகு அதன் அருகில் உட்கார்ந்து எதைச் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்பதுபோலவே இருக்கும். அந்தச் சாய்வை உண்டாக்கியது அவள் கைதான். என்றாலும் அதை யானையின் பேச்சு என்றே நான் நினைக்கிறேன். துவைத்துக் கொடியில் காயப்போட்ட நாட்களில் மட்டும், "யானை என்னோடு பேசவில்லை" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். பழகிய வாசனை திரும்பும்வரை அந்தப் பிணக்கு தீராது.

இரவில் இன்னொரு விதமான பேச்சு நடக்கும். "யானைக்கு இருட்டென்றால் பயமாம். விளக்கை அணைக்க வேண்டாமாம்" என்பாள். தன் பயத்தைச் சொல்ல அவளுக்குக் கூச்சம். யானையின் பயத்துக்காக என்றால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாதாடுவாள். சொல்வது நீயா, யானையா என்று நான் கேட்டதே இல்லை. இங்கிலாந்தின் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட், 1953இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இதை நீயே உருவாக்கிக்கொண்டாயா, வெளியிலிருந்து உனக்கு வந்ததா என்று குழந்தையிடம் நாம் கேட்கவே கூடாது என்கிறார். எவ்வளவு சரியான சொல்! கேட்டுவிட்டால் யானை வாயை மூடிக்கொள்ளும். பிறகு அந்தப் பயம் யார் வழியாக வெளியே வரும்?

உண்மையிலேயே குரல் கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. தாமஸ் எடிசன் 1890இல் உடலுக்குள் பதிவான குரலை ஒலிக்கச் செய்யும் சிறிய ஃபோனோகிராஃப் கருவியை வைத்த பொம்மையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கைப்பிடியைச் சுற்றினால் குழந்தைப் பாட்டு ஒன்றைச் சொல்லும். குரல் கரகரத்தது, கருவியும் எளிதில் பழுதானது. சில வாரங்களிலேயே விற்பனை நின்றுபோனது. இன்றைய பேட்டரி பொம்மைகளின் குரல் எவ்வளவோ தெளிவு. ஆனாலும் அழுதுகொண்டு வந்தாலும் சிரித்துக்கொண்டு வந்தாலும் அவற்றிடம் இருப்பது அதே வாக்கியம்தான். பேசாத யானைக்கு அந்தக் கட்டு இல்லை.

புரூஸ் ஹுட், பால் புளூம் என்ற உளவியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பொருட்களை அச்சு அசலாக நகல் எடுக்கும் பெட்டி என்று சொல்லி, 3 முதல் 6 வயது வரையிலான குழந்தைகளிடம் அவர்கள் கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மையைக் கேட்டார்கள். சில பிள்ளைகள் பெட்டிக்குள் வைக்கவே சம்மதிக்கவில்லை. வைத்தவர்களில் பெரும்பாலோர் அசலைத்தான் திரும்பக் கேட்டார்கள். நகலுக்கும் அதே காது, அதே கண் இருக்கும் என்று நம்பியும் அது வேண்டாம் என்றார்கள். இத்தனை நாள் சொன்னதையெல்லாம் நகல் கேட்டிருக்கவில்லையே!

பிள்ளை வீட்டில் இல்லாதபோது பொம்மை பெற்றவர்களிடம் பேசத் தொடங்கிவிடுகிறது. ஐங்குறுநூற்றில் ஒரு தாய் வருகிறாள். மகள் காதலனோடு போய்விட்டாள். வீட்டில் கிடக்கும் பாவையைக் காண்கிறாள், இது என் பாவைக்குப் பிடித்த பாவை என்கிறாள், காணும்தோறும் கலங்குகிறாள். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த அம்மாவை எனக்கு நன்றாகப் புரிகிறது.

என் மகள் இப்போது வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். யானை என் அறையில் இருக்கிறது. தொலைபேசியில், "யானை என்னம்மா சொல்கிறது?" என்று கேட்பாள். "பொங்கலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாயா என்று கேட்கிறது" என்பேன். நான் நேராகக் கேட்டால் "பார்க்கலாம்மா" என்று நழுவுகிறவள், யானை கேட்டால் தேதியைச் சொல்லிவிடுகிறாள்.