ரெண்டாவது கையெழுத்து யாருடையது?

கேள்வி: கிராம ஊராட்சிகளுக்கு அதிகாரம் கொடுங்கள் என்று ஓயாமல் எழுதுகிறீர்களே, கொடுத்தால் ஊர்ப் பெரிய மனிதர்கள் மடியில்தானே போய் விழும்? அதற்குக் கோட்டையிலேயே இருந்துவிட்டுப் போகட்டுமே!
– வாசகர், திருமங்கலம்

பதில்: கிராமத்தைப் பற்றி 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சொன்னது இதைவிடக் காட்டம். உங்கள் மாவட்டத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகவே 1996 முதல் பத்து வருஷம் யாரையும் நிலைக்கவிடவில்லை. 2006 அக்டோபரில்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. ஆனால் ஒன்று, அந்தப் பத்து வருஷமும் அதிகாரம் கோட்டையில்தான் இருந்தது. அங்கே எல்லாம் குவிந்து கிடப்பது பெரிய மனிதருக்குத்தான் சௌகரியம். ஒரு எம்.எல்.ஏ.வையும் ஒரு பி.டி.ஓ.வையும் (வட்டார வளர்ச்சி அலுவலர்) தெரிந்து வைத்திருந்தால் அவர் காரியம் முடிந்தது. மற்றவர்களுக்குப் பஸ் செலவுக்கே கட்டாது.

ஊராட்சியில் ஓட்டை எங்கே என்று பார்ப்போம். பணம் எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். தலைவர் பதவிக்கு இட ஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவருக்குக் கிடையாது. அவரை வார்டு உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். தலித் பெண் தலைவராக வந்தால், ஆதிக்க சாதித் துணைத் தலைவர் கையெழுத்தை நிறுத்திவைத்தாலே போதும். மோட்டார் ரிப்பேர் பில் நிற்கும், தண்ணீர் நிற்கும். 'அந்தம்மாவுக்கு நிர்வாகம் தெரியல' என்று ஊரே பேசும்.

அடுத்தது, கூட்டத் தீர்மானங்களை எழுதிவைக்கும் மினிட் நோட்டு. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் கிராம சபைக்கு 100 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். நூறு நாள் வேலைக்காரர்களை வரிசையில் நிறுத்திக் கையெழுத்து வாங்கிவிட்டு, தீர்மானத்தை அப்புறம் சாவகாசமாக எழுதிக்கொள்வார்கள். தீர்மானத்தை எண்ணோடும் தொகையோடும் எழுதி, உரக்கப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். கடைசி வரிக்குக் கீழே கோடு இழுக்கச் சொல்லி, பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேரளத்தில் 1996-இல், உள்ளாட்சிகளே திட்டம் போடும் மக்கள் திட்டம் வந்தபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கினார்கள். எந்தப் பஞ்சாயத்துக்கு எவ்வளவு என்பது பட்ஜெட்டின் நான்காம் பின்னிணைப்பிலேயே அச்சாகிவிடும். அதற்காக யார் வீட்டுத் திண்ணையிலும் காத்துக் கிடக்க வேண்டாம். (ஊர் மக்களே வேலையை எடுத்துச் செய்யும் பயனாளிகள் குழு என்ற பெயரில் பழைய கான்ட்ராக்டரே வேலை எடுத்த கதையும் அங்கே உண்டு.)

நம் 1994 ஊராட்சிகள் சட்டத்திலோ, ஓட்டு வாங்கி வந்த தலைவரைக் கலெக்டரே நீக்க 205-ஆம் பிரிவு இருக்கிறது. அப்படி நீக்கச் சொல்லி மனு கொடுத்தவர் யாரென்று அடுத்த முறை விசாரித்துப் பாருங்கள்.