எம்.ஜி.பி. காரைப் புதுப்பிக்க யாரைக் கேட்பது? கேள்வி பதில்

கேள்வி: பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்.ஜி.பி.யில் 1968 மாடல் ஒன்று வாங்கிவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஸ்பானரைக் கீழே வையுங்கள், முதலில் சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜி.எச்.என். என்று தொடங்கினால் திறந்த கார், ஜி.எச்.டி. என்றால் கூரை வைத்த ஜி.டி. இங்கிலாந்தின் கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு எழுதிக் கட்டணம் செலுத்தினால், கார் எப்போது தயாரானது, என்ன நிறம், எந்த நாட்டுக்குப் போனது என்று ஆலைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். பெயின்ட் வாங்குவதெல்லாம் அப்புறம்.

கேள்வி: 1980இலேயே தயாரிப்பு நின்றுவிட்டதே, பாகம் கிடைக்குமா?

பதில்: தாராளமாக. 5 லட்சத்துக்கு மேல் செய்த கார் இது. இங்கிலாந்தின் விட்னியில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் முழு பாடியையே புதிதாகச் செய்து தருகிறது. இந்தக் காரில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் எஸ்.யூ. கார்புரேட்டரின் சாமான்களுக்கு சால்ஸ்பரியின் பர்லன் நிறுவனம்.

கேள்வி: கதவுக்குக் கீழே இருக்கும் 'சில்' (sill) என்ற பாகம் புதிதாகப் போட்டது என்கிறார் விற்றவர். நம்பலாமா?

பதில்: கண்ணால் பார்க்காமல் நம்பாதீர்கள். இந்தக் காரின் பலமே கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. அதன் இரு முனைகளும் முன், பின் மட்கார்டுகளுக்கு உள்ளே மறைந்திருக்கும். ஒழுங்காக மாற்ற வேண்டுமானால் முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும், பின் மட்கார்டின் அடிப்பகுதியை வெட்ட வேண்டும். அவ்வளவு வேலைக்குச் சோம்பி, துரு மேலேயே ஒரு தகட்டை ஒட்டவைத்துப் பெயின்ட் அடித்துவிடுவார்கள், பார்க்கப் பளபளவென்று இருக்கும். பக்கவாட்டில் ஜாக்கி வைத்துத் தூக்கிப் பாருங்கள்: கதவின் இடைவெளி சுருங்கினாலோ, கதவு இறுகினாலோ உள்ளே உளுத்துப்போயிருக்கிறது. நீங்களே வெட்டுவதாக இருந்தால், திறந்த காரில் கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி வைத்து வெல்ட் செய்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இல்லையென்றால் பாடி நடுவில் மடங்கிவிடும், பிறகு எந்தக் கதவும் பொருந்தாது.

கேள்வி: என் நண்பரிடம் 1965 கார். புது ரேடியோ மாட்டலாமா?

பதில்: அந்த ஆண்டுக் கார் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும்; புது ரேடியோவுக்கு நெகட்டிவ் முனை அப்படி இணைந்திருக்க வேண்டும். யாராவது இடையில் மாற்றியிருக்கிறார்களா என்று பேட்டரி வயரைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே மாட்டினால் ரேடியோ புகைந்துவிடும். வயரிங் படமும் அதே ஆண்டுக்குரியதாக இருக்கட்டும்.

கேள்வி: நேரில் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமே?

பதில்: 1930இல் தொடங்கிய எம்.ஜி. கார் கிளப்பில் எம்.ஜி.பி.க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. எம்.ஜி. ஓனர்ஸ் கிளப்பும் உண்டு. சந்தாவைக் கட்டிவிட்டு உள்ளூர்க் கூட்டத்துக்குப் போங்கள். எந்தக் கடை ரப்பர் ஒரே குளிர்காலத்தில் வெடிக்கும், பக்கத்தில் நல்ல வெல்டர் யார் என்பதெல்லாம் அங்கே டீ குடிக்கும்போதுதான் தெரியவரும்.