பாட்டி முணுமுணுக்கும் மூன்று பெயர்கள்

கேள்வி: மதுரையில் வரலாற்று ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது கனடாவின் ரெஜைனா நகரில் மகளோடு வசிக்கிறேன். மருமகன் ஸ்காட்லாந்து வழிவந்தவர். அவருடைய முன்னோர் 1889ஆம் ஆண்டில் சஸ்காட்செவன் மாகாணத்தின் சால்ட்கோட்ஸ் என்ற ஊருக்கு அருகில் குடியேறியவர்கள். வரும் கோடையில் உறவினர் அனைவரும் அந்தப் பழைய பண்ணையில் கூடவிருப்பதால், குடும்ப வரலாற்றை எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஆதாரம் என்று இருப்பது ஒரு பழைய பைபிளும் 94 வயதான பாட்டியும்தான். பைபிளின் பின்னட்டையில் பென்சிலால் ‘1901, தென்மேற்கு 17’ என்று எழுதியிருக்கிறது. முன்பக்கத்தில் உள்ள பிள்ளைகள் பட்டியலில் மூத்தவர் நார்மன், அடுத்தவர் டொனால்ட். பாட்டி அவ்வப்போது ‘ஈயன் ஹொரொமோச் ஹாலும்’ என்று முணுமுணுக்கிறார். தாலாட்டு என்று வீட்டில் சொல்கிறார்கள். பூர்வீகம் ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள லூயிஸ் தீவா, ஹாரிஸ் தீவா என்பதில் இரண்டு கிளைகளுக்குள் சண்டை. பிரபு வீட்டுக்குத் தீவைத்து விரட்டியதாக ஒரு கதையும் உண்டு. மருமகன் வரவழைத்த நிலக் கோப்பின் நகலிலோ, முதலில் பெற்ற இலவச நிலத்தைக் குடும்பம் கைவிட்டதாகவும் அரசுக் கடன் கட்டப்படவில்லை என்றும் இருக்கிறது. ‘அதை எழுதவே கூடாது’ என்கிறார் சம்பந்தியம்மாள். அயலாளான நான் இதை எழுதலாமா? எழுதினால் எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, ரெஜைனா

பதில்: தாராளமாக எழுதுங்கள். அந்தக் குடும்பத்தில் பிறந்தவர்கள் கதைகளைக் கேட்டே வளர்ந்ததால், அவற்றைக் கேள்வி கேட்க அவர்களுக்குத் தோன்றாது; உங்களுக்குத் தோன்றியிருக்கிறது என்பதற்கு உங்கள் கடிதமே சாட்சி. ஆவணங்கள் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கும், அடுத்த ஆண்டும் இருக்கும். பாட்டிக்கு 94 வயது. ஆகவே இந்த வாரமே கைப்பேசியில் ஒலிப்பதிவை இயக்கி வைத்துக்கொண்டு அவர் அருகில் உட்காருங்கள்.

அவர் முணுமுணுப்பது தாலாட்டு அன்று. ஒரே பெயரும் ஒரே குலப்பெயரும் கொண்டவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருந்த அந்தத் தீவுகளில், ஓர் ஆளை அவருடைய தந்தை, பாட்டன் பெயர்களோடு அடுக்கிச் சொல்வதே வழக்கம். அங்கே பேசப்படும் கேலிக் மொழியில் இந்தப் பெயரடுக்கு ஒரு முகவரியைப் போல. ‘ஈயன்’ என்றால் ஆங்கில ஆவணங்களில் ஜான். ‘டோர்மோட்’ என்ற பெயர் ‘டோர்மோட்டின் மகன்’ என்ற பொருளில் வரும்போது முதல் ஒலி மெலிந்து ‘ஹொரொமோச்’ ஆகிவிடும்; ‘காலும்’ என்பது அவ்வாறே ‘ஹாலும்’ ஆகும். டோர்மோட் என்பவரை ஆங்கில எழுத்தர்கள் நார்மன் என்றும், காலும் என்பவரை மால்கம் என்றும் பதிவது வழக்கமாக இருந்தது. ஆக, பாட்டி சொல்வது ‘மால்கமின் மகனான நார்மனின் மகன் ஜான்’ என்பதே. அந்த ஜான்தான் 1889இல் கப்பலேறியவர் என்று ஊகிக்கிறேன். நீங்கள் தேடிக்கொண்டிருந்த மூன்று தலைமுறைகளும் அந்த வீட்டின் சாய்வு நாற்காலியில் இத்தனை நாளும் ஒலித்துக்கொண்டிருந்திருக்கின்றன.

இந்த ஊகத்துக்கு உங்கள் பைபிளே துணை நிற்கிறது. ‘பேரன்’ என்ற சொல் ‘பெயரன்’ என்பதிலிருந்து வந்தது என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருப்பீர்கள். ஸ்காட்லாந்திலும் அதே கதைதான்: மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயர், இரண்டாவது மகனுக்குத் தாய்வழிப் பாட்டனின் பெயர், மூன்றாமவனுக்குத்தான் தந்தையின் பெயர். பெண்பிள்ளைகளில் மூத்தவள் பெரும்பாலும் தாய்வழிப் பாட்டியின் பெயரைப் பெறுவாள். ஜானின் மூத்த மகன் நார்மன் என்பது பாட்டியின் பெயரடுக்கோடு அப்படியே பொருந்துகிறது. இரண்டாமவர் டொனால்ட் என்பதால் ஜானின் மாமனார் பெயர் டொனால்டாக இருக்கக்கூடும். இந்த வழக்கத்தை எல்லாக் குடும்பங்களும் பிசகாமல் பின்பற்றியதில்லை என்பதால் இதை ஊகமாக மட்டுமே குறித்துக்கொண்டு, திருமணப் பதிவைத் தேடுங்கள். ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு 1855 ஜனவரி 1ஆம் தேதி தொடங்கியது. அதன் திருமணப் பதிவுகளில் மணமக்கள் இருவரின் தந்தையர் பெயர்களோடு, தாய்மார்களின் பெயர்கள் பிறந்த வீட்டுக் குலப்பெயரோடு இருக்கும். நம் குடும்ப மரங்களில் பெண்களின் பிறந்தவீடு இரண்டே தலைமுறையில் மறைந்துபோவதை நினைத்தால் எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருக்கிறது. ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ‘ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்’ இணையதளத்தில் சிறு கட்டணம் செலுத்தி மூலப் பதிவின் படத்தையே பார்க்கலாம்.

லூயிஸா ஹாரிஸா என்ற சண்டையை அதே பதிவு தீர்த்துவைக்கும். பெயரளவில் இரண்டு தீவுகள் என்றாலும் அவை ஒரே நிலப்பரப்பு. ஆனால் 1975 வரை லூயிஸ் ராஸ் கவுண்டியிலும் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) ஹாரிஸ் இன்வர்னஸ் கவுண்டியிலும் இருந்தன. எனவே பதிவின் தலைப்பில் எந்தக் கவுண்டி இருக்கிறது என்று பார்த்தால் போதும். 1881ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் சேர்த்துப் பாருங்கள். கணவன் ஒரு தீவு, மனைவி மற்றொரு தீவு என்று தெரியவந்தால் ஆச்சரியப்படாதீர்கள். இரண்டு கிளைகளும் சரியாகச் சொல்லிக்கொண்டே இத்தனை காலம் சண்டையிட்டிருக்கலாம். கனடாப் பக்கத்தில் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: சஸ்காட்செவன் மாகாணம் 1905இல்தான் உருவானது. அதனால் 1891, 1901 கணக்கெடுப்புகளில் சால்ட்கோட்ஸ் வட்டாரத்தை வடமேற்குப் பிரதேசங்களின் அசினிபோயா மாவட்டத்தில் தேட வேண்டும்.

தீவைத்த கதைக்கு வருகிறேன். வட ஸ்காட்லாந்தின் சதர்லாந்தில் 1814இலும் 1819இலும் ஆடு மேய்ப்பதற்காகக் குடியானவர்களை வெளியேற்றியபோது வீடுகள் எரிக்கப்பட்டது வரலாறு. லூயிஸிலிருந்து 1851க்கும் 1855க்கும் இடையில் நிலவுடைமையாளரின் ஏற்பாட்டில் 1,700க்கும் மேற்பட்டோர் கனடாவுக்கு அனுப்பப்பட்டதும் உண்மை. ஆனால் 1889இல் சால்ட்கோட்ஸுக்கு வந்தவர்களின் கதை வேறு. 1886ஆம் ஆண்டுச் சட்டம் ‘கிராஃப்டர்’ எனப்பட்ட சிறு குத்தகைக் குடியானவர்களை நிலத்திலிருந்து வெளியேற்ற முடியாதபடி பாதுகாத்தது. நிலமே இல்லாதவர்களுக்கு அது எதையும் தரவில்லை. பசி தாங்காமல் 1887 நவம்பரில் லூயிஸ் மக்கள் பார்க் என்ற மான் வேட்டைக்காட்டுக்குள் புகுந்து மான்களைச் சுட்டுச் சமைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து ஐக்னிஷ் பண்ணையில் கலவரம் மூண்டது. அந்த நெருக்கடியில் பிரிட்டிஷ் அரசு கையிலெடுத்ததுதான் கடன் கொடுத்துக் கனடாவில் குடியமர்த்தும் திட்டம். முதல் குழு 1888இல் மனிடோபாவின் கில்லார்னிக்கும், அடுத்தது 1889இல் சால்ட்கோட்ஸுக்கும் சென்றது. ஆகவே ஜானின் வீட்டை எவரும் எரித்திருக்க வாய்ப்பு குறைவு. அதற்காகக் கதையைப் பொய் என்று தள்ளிவிடாதீர்கள். வெளியேற்றப்பட்டவர் அவருடைய தந்தை நார்மனாகவோ பாட்டன் மால்கமாகவோ இருக்கலாம். சொல்லிச் சொல்லி வந்ததில் இரண்டு தலைமுறைகள் ஒன்றாக மடங்கியிருக்கலாம். ‘குடும்பத்தில் இப்படிச் சொல்லப்படுகிறது’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் பதிவு சொல்வதை எழுதுங்கள்.

இனி சம்பந்தியம்மாள் வெட்கப்படும் விஷயம். அதற்கு முன், அந்தப் பென்சில் எழுத்தை நீங்கள் படிக்க வேண்டும். கனடாவின் புல்வெளி மாகாணங்களில் நிலத்தை 6 மைலுக்கு 6 மைல் கொண்ட டவுன்ஷிப்களாக அளந்து, ஒவ்வொன்றையும் 36 செக்ஷன்களாகப் பிரித்தார்கள். எண்கள் தென்கிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே போய், அடுத்த வரிசையில் கிழக்கே திரும்பி, ஏர் உழுகிறவன் சால் திரும்புவதைப் போல வளைந்து வளைந்து செல்லும். ஒரு செக்ஷனின் நான்கில் ஒரு பங்கு 160 ஏக்கர். 1872ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி 10 டாலர் கட்டணம் செலுத்தி, மூன்றாண்டுகள் குடியிருந்து, வீடு கட்டி, நிலத்தைத் திருத்திப் பயிரிட்டால் அது பட்டாவாகும். ஆனால் அந்த இலவச நிலம் இரட்டைப்படை எண் கொண்ட செக்ஷன்களில் மட்டுமே உண்டு. ஒற்றைப்படை எண்கள் பெரும்பாலும் ரயில்வே நிறுவனங்களுக்கு மானியமாக ஒதுக்கப்பட்டவை. 1908ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் மீந்திருந்த ஒற்றைப்படைச் செக்ஷன்கள் இலவசக் குடியேற்றத்துக்குத் திறக்கப்பட்டன. உங்கள் பைபிளில் இருப்பதோ 1901, செக்ஷன் 17இன் தென்மேற்குக் கால்பங்கு. அது அவர்களுடைய நிலத்தைக் குறிப்பதானால், யாரோ அதை விலை கொடுத்து வாங்கியிருக்க வேண்டும்.

இதை வைத்துக் கோப்பை மறுபடி படியுங்கள். தீவில் சில ஏக்கரில் உருளைக்கிழங்கும் ஓட்ஸும் பயிரிட்டு, மீதி வயிற்றுக்குக் கடலை நம்பியிருந்தவர்களைக் கடலே இல்லாத இடத்தில் 160 ஏக்கரில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். குடும்பத்துக்கு 120 பவுண்டு வரை கொடுத்த கடன் நிலத்தின் மீதே வில்லங்கமாக ஏறியது. சால்ட்கோட்ஸ் குடியேற்றம் சில ஆண்டுகளில் கலைந்துபோனது. ஆண்கள் பலர் ரயில்பாதைக் கூலிவேலைக்குப் போனார்கள். இது ஒரு குடும்பத்தின் குற்றமும் அன்று: மேற்குக் கனடாவில் இலவச நிலம் கேட்டு எழுதிக்கொண்டவர்களில் ஏறக்குறைய பத்துக்கு நான்கு பேர் பட்டா பெறாமலே போனார்கள். உங்கள் சம்பந்தி வீட்டார் முதல் நிலத்தை இழந்த பிறகு கூலி வேலை செய்து பணம் சேர்த்து வேறொரு நிலத்தை வாங்கியிருந்தால், மறைக்க வேண்டிய பக்கம் என்று அவர் நினைப்பதுதான் அந்த வரலாற்றின் சிறந்த பக்கம். பழைய பத்திரங்களைத் தொடர்ச்சியாகப் பார்த்து, எப்போது, யாரிடமிருந்து, எவ்வளவுக்கு வாங்கினார்கள், எப்போது அடமானம் வைத்து எப்போது மீட்டார்கள் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு சம்பந்தியம்மாளை எதிரில் உட்காரவைத்து, பைபிளையும் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். எழுதிய பக்கத்தைக் கோடைக் கூட்டத்தில் திடீரென்று வாசிக்காதீர்கள். அவர் முன்கூட்டியே படிக்கட்டும். அதன் பிறகும் அவர் வேண்டாம் என்றால், பாட்டி இருக்கும்வரை அந்தப் பகுதியை அச்சிடாமல் வைத்திருங்கள். ஆனால் ‘இலவச நிலத்தில் தொடங்கி இன்றுவரை அதே மண்ணில்’ என்று அவர்கள் விரும்பும் வரியை மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

மருமகனிடம் ஒரு வேலை கொடுங்கள். கைவிடப்பட்ட நிலத்தை அடுத்து எடுத்தவரின் தாள்களும் பெரும்பாலும் அதே கோப்பில் தொடரும். முன்பு இருந்தவர் விட்டுச்சென்ற வீட்டின் அளவு, உழுத ஏக்கர், வேலி ஆகியவற்றை மதிப்பிட்ட குறிப்பு அதில் இருக்கக்கூடும். முழுக் கோப்பையும் சஸ்காட்செவன் மாகாண ஆவணக் காப்பகத்திடம் கேட்கச் சொல்லுங்கள். குடியுரிமைச் சான்றைத் தேடி அலைய வேண்டாம். ஸ்காட்லாந்துக்காரர்கள் பிரிட்டிஷ் குடிமக்களாகவே வந்ததால் அவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

‘யாருமற்ற வெற்று நிலம்’ என்ற தொடர் இத்தகைய நூல்களில் தவறாமல் வரும். அதை உங்கள் கையெழுத்தில் வரவிடாதீர்கள். அந்த மண் க்ரீ, சோட்டோ, அசினிபோயின் என்ற பூர்வகுடி மக்களோடு 1874இல் க்வாப்பெல்லில் செய்யப்பட்ட நான்காம் உடன்படிக்கைக்கு உட்பட்டது. ஜான் வந்திறங்கியது அதற்குப் பதினைந்தே ஆண்டுகளுக்குப் பிறகு. நிலத்திலிருந்து விரட்டப்பட்ட கதையைச் சொல்லும் குடும்பத்துக்கு இதை நீளமாக விளக்க வேண்டியிருக்காது.

பாட்டியிடம் என்ன கேட்பது என்று யோசிப்பீர்கள். அந்தத் தீவுகளில் அறிமுகமில்லாத பிள்ளையை வழியில் பார்த்தால் பெரியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ‘கோ லேஷ் ஊ?’ நம் ஊரில் ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்று கேட்பது போலத்தான். சிறுவயதில் அவரிடம் யாராவது அதைக் கேட்டிருப்பார்கள், அதற்குச் சொன்ன விடைதான் இன்னும் நாவில் நிற்கிறது என்று நினைக்கிறேன். ஒலிப்பதிவை இயக்கிவிட்டு நீங்களும் அப்படியே கேளுங்கள். மூன்றாவது பெயரோடு அவர் நிறுத்தினால் அவசரப்பட்டு எழுந்துவிட வேண்டாம். காலுமுக்கு முன்னால் இன்னொரு பெயர் இருக்கலாம்.