ஜிஆர்இ தேதியைத் தள்ளிவைக்கலாமா?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஓசூர் பக்கம் ஒரு கட்டுமான நிறுவனத்தில் சைட் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். அமெரிக்காவில் நீர்வளப் பொறியியலில் எம்எஸ் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. அங்கே மேற்படிப்பில் சேர எழுதும் ஜிஆர்இ தேர்வை நவம்பர் 15 அன்று சென்னையில் எழுதப் பதிவு செய்திருக்கிறேன். ஜூலையில் பதிவு செய்தபோது நான்கு மாதம் தாராளம் என்று தோன்றியது. செப்டம்பரில் சைட்டில் கான்கிரீட் வேலை தொடங்கிவிட்டது. இரவு ஒன்பதுக்குத்தான் அறைக்கு வருகிறேன். புத்தகத்தைத் திறந்தால் கண் செருகுகிறது.

தேர்வை நடத்துபவர்களின் பயிற்சித் தளமான பவர்பிரெப்பில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரித் தேர்வுகளில் முதலாவதை இரண்டு இரவுகளாகப் பிரித்து எழுதிப் பார்த்தேன். குவான்ட்டில் (கணிதம்) 156, வெர்பலில் (ஆங்கிலம்) 147. மொத்தம் 315 இல்லாமல் விண்ணப்பிக்காதே என்கிறார்கள் கன்சல்டன்சியில். நான் விண்ணப்பிக்க நினைக்கும் ஆறு பல்கலைக்கழகங்களில் நான்குக்கு டிசம்பர் 15, இரண்டுக்கு ஜனவரி 15 கடைசி நாள்.

தேர்வுக் கட்டணம் அம்மா சீட்டு எடுத்துக் கட்டியது. 'சும்மா போய் எழுது, ஓர் அனுபவமாக இருக்கும்' என்கிறார்கள் தோழிகள். 'ஒருமுறை தள்ளினால் தள்ளிக்கொண்டே போவாய்' என்கிறான் அண்ணன். இரண்டும் சரியாகத்தான் படுகிறது. இரவில் தூக்கம் வரவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

எஸ்., ஓசூர்

*

அன்புள்ள எஸ்.,

தேதியை மாற்றவோ ரத்து செய்யவோ தேர்வுக்கு நான்கு நாட்களுக்கு முன்பு வரைதான் இடம் உண்டு. உங்கள் கணக்கில் அது நவம்பர் 11. கடைசி நாள் இரவு இணையத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். 10ஆம் தேதியையே எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் முடிவெடுத்தால் கையில் மூன்று வழிகள் இருக்கும்: எழுதுவது, தனிக் கட்டணம் கட்டித் தேதியை மாற்றுவது, ரத்து செய்து கட்டணத்தில் பாதியைத் திரும்பப் பெறுவது. அந்த நாளைத் தாண்டிவிட்டுத் தேர்வுக்கும் போகாமல் இருந்தால் முழுப் பணமும் போய்விடும். பயத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் முடிவெடுக்காமலே இந்த நாளைக் கடந்துவிடுகிறார்கள். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்பதால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

தோழிகள் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. தேர்வு முடிந்ததும் குவான்ட், வெர்பல் மதிப்பெண்கள் திரையிலேயே வந்துவிடும். அவற்றைப் பார்த்த பிறகு எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பாமல் வெளியே வரலாம். பிறகு மீண்டும் எழுதினால் நல்ல மதிப்பெண்ணை மட்டும் அனுப்பலாம். குறைந்த மதிப்பெண் எவர் கண்ணிலும் படாது. ஆகவே ஒருமுறை சறுக்கினால் அது காலமெல்லாம் கூடவே வரும் என்ற அச்சம் உங்களுக்கு வேண்டாம்.

ஆனால் 'சும்மா எழுது' என்பது இரண்டு முறை கட்டணம் கட்டக்கூடிய வீட்டுக்குச் சொல்ல வேண்டிய அறிவுரை. ஒரு முறைக்கு இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. அம்மா சீட்டில் ஏலத் தள்ளுபடி போக மிஞ்சியதை எடுத்துக் கட்டிய பணத்தை 'அனுபவத்துக்கு' என்று செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த அனுபவத்தை, தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனமே இலவசமாகத் தருகிறது. பவர்பிரெப்பின் இரண்டாவது தேர்வு இன்னும் உங்களிடம் தொடப்படாமல் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மீண்டும் எழுதுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு தேர்வுக்கும் அடுத்ததற்கும் இடையே 21 நாட்கள் இருக்க வேண்டும். நவம்பர் 15இல் எழுதினால் அடுத்தது டிசம்பர் 6க்கு முன்னால் முடியாது. அதிகாரபூர்வ மதிப்பெண் வர எட்டு முதல் பத்து நாட்கள் ஆகும். டிசம்பர் 14, 15, 16 என்று வந்து நிற்கும். அதாவது, டிசம்பர் 15 கேட்கும் நான்கு பல்கலைக்கழகங்களுக்கு இரண்டாவது முயற்சியை நம்ப முடியாது. ஜனவரி 15 கேட்கும் இரண்டுக்கு மட்டுமே அது உதவும். மாறாக, தேதியை நவம்பர் 29 வாக்கில் மாற்றினால் டிசம்பர் 9க்குள் மதிப்பெண் கையில் இருக்கும். ஆறுக்கும் அனுப்பலாம். ஆக, இந்த ஆண்டே விண்ணப்பிப்பதென்றால் நீங்கள் தள்ளக்கூடியது இரண்டு வாரம். அதற்கு மேல் இடமில்லை.

எனவே உங்கள் கேள்வியை நான் இப்படிச் சுருக்கிக்கொள்கிறேன்: கூடுதலாகக் கிடைக்கும் இரண்டு வாரத்தில் உங்களிடம் எது மாறும்?

இங்கேதான் உங்கள் அண்ணன் சொல்வதைக் கேட்க வேண்டும். சைட்டில் அதே வேலை, அதே இரவு ஒன்பது மணி, அதே கண் செருகல் என்றால் நவம்பர் 29ஆம் தேதியும் 15ஆம் தேதியைப் போலத்தான் இருக்கும். நடுவில் தேதி மாற்றியதற்கான கட்டணம் மட்டும் போயிருக்கும். மேலாளரிடம் பேசி, தேர்வுக்கு முந்தைய ஒரு வாரமாவது விடுப்பு கிடைக்குமா என்று இப்போதே கேளுங்கள். கான்கிரீட் போடும் நாட்களில் கிடைக்காது என்றால் எந்த வாரம் கிடைக்கும் என்று கேளுங்கள். அந்த வாரத்தை ஒட்டித் தேதியை அமையுங்கள். தேதியை முதலில் மாற்றிவிட்டு விடுப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது வேண்டவே வேண்டாம்.

இனி மாதிரித் தேர்வு. 156, 147 என்ற எண்களை வைத்து நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள். இரண்டு இரவுகளில், களைத்துப்போய், பிரித்து எழுதிய தேர்வு அது. அந்த எண்கள் உங்களைக் கூட்டியும் காட்டியிருக்கலாம், குறைத்தும் காட்டியிருக்கலாம். 2023 செப்டம்பரிலிருந்து ஜிஆர்இ மொத்தமே 1 மணி 58 நிமிடம்தான். முதலில் அரை மணி நேரக் கட்டுரை. பிறகு குவான்ட்டில் இரண்டு பகுதிகள், வெர்பலில் இரண்டு பகுதிகள். குவான்ட்டின் முதல் பகுதியில் 12 கேள்விகளுக்கு 21 நிமிடம். வெர்பலின் முதல் பகுதியில் 12 கேள்விகளுக்கு 18 நிமிடம். முதல் பகுதியை நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பொறுத்தே இரண்டாவது பகுதியின் கடினம் அமைகிறது. அதனால் நடுவில் ஒரு நாள் ஓய்வெடுத்து எழுதுவதும் ஒரே மூச்சில் எழுதுவதும் ஒன்றல்ல.

வரும் ஞாயிற்றுக்கிழமை, உங்கள் தேர்வு எந்த மணிக்கோ அதே மணிக்கு, போனை அணைத்துவிட்டு, இரண்டாவது பவர்பிரெப்பை ஒரே மூச்சில் எழுதுங்கள். அறையில் சத்தம் என்றால் தெரிந்தவர் வீட்டில் ஒரு மேசை கேளுங்கள். சனிக்கிழமை இரவு புத்தகத்தைத் தொடாமல் தூங்குங்கள்.

எழுதி முடித்த பிறகு செய்ய வேண்டியதுதான் முக்கியம். தவறிய ஒவ்வொரு கேள்வியையும் திரும்பப் பார்த்து மூன்று பட்டியலில் ஒன்றில் சேருங்கள்: எனக்குத் தெரியாதது, தெரிந்தும் அவசரத்தில் தவறியது, நேரம் போதாமல் விட்டது.

பொறியியல் மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் கணிதம் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன், குவான்ட்டில் உங்களைப் போன்றவர்கள் இழக்கும் மதிப்பெண் பெரும்பாலும் இரண்டாவது பட்டியலில்தான் இருக்கும். இரண்டு அளவுகளை ஒப்பிடும் கேள்வி வருகிறது அல்லவா, அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஓர் எண், மறுபக்கம் அந்த எண்ணின் வர்க்கம். அந்த எண் பூஜ்யத்தைவிடப் பெரியது என்று மட்டும் தகவல். எது பெரியது? மனதில் 3 வருகிறது, வர்க்கம் 9 வருகிறது, கை 'வர்க்கம் பெரியது' என்பதை அழுத்திவிடுகிறது. எண் அரை என்றால் வர்க்கம் கால், சிறிதாகிவிடுகிறது. எண் ஒன்று என்றால் இரண்டும் சமம். சரியான விடை, தந்த தகவலை வைத்துத் தீர்மானிக்க முடியாது என்பது. இதில் உங்களுக்குத் தெரியாத கணிதம் ஒன்றுமே இல்லை. பின்னத்தையும் ஒன்றையும், தடை இல்லாத இடத்தில் பூஜ்யத்தையும் குறை எண்ணையும் போட்டுப் பார்க்கும் பழக்கம்தான் இல்லை. இந்தப் பழக்கத்தை இரண்டு வாரத்தில் கொண்டுவந்துவிடலாம். தினம் ஒரு மணி நேரம், கடிகாரத்தை வைத்து, இருபது கேள்விகள் செய்தால் வரும்.

வெர்பல் அப்படியல்ல. ஆறு சொற்கள் தந்து, வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியில் இரண்டும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். ஒன்று சரி, ஒன்று தவறு என்றால் பூஜ்யம். மூன்று இடங்களை நிரப்பும் கேள்வியிலும் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். சொற்பட்டியலை மனப்பாடம் செய்து இதைத் தாண்ட முடியாது. வாக்கியத்தின் பாதியில் 'ஆனாலும்' என்ற பொருளில் ஒரு சொல் வந்து கருத்தைத் திருப்புவதைக் கண் தானாகப் பிடிக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் கனமான ஆங்கிலக் கட்டுரைகளை வாசித்திருக்க வேண்டும். கான்கிரீட்டின் 28ஆம் நாள் வலிமையை ஏழாம் நாளில் நீங்கள் எதிர்பார்ப்பதில்லை, வெர்பலிடமும் எதிர்பார்க்காதீர்கள்.

ஆகவே என் முடிவு இது. ஞாயிற்றுக்கிழமைத் தேர்வில் குவான்ட் 160ஐ எட்டினால், வெர்பல் எவ்வளவாக இருந்தாலும் நவம்பர் 15ஆம் தேதியே எழுதிவிடுங்கள். பொறியியல் துறைகள் முதலில் பார்ப்பது குவான்ட்டைத்தான்; வெர்பலுக்காக இரண்டு வாரம் தள்ளுவதில் பயனில்லை. குவான்ட் 160க்குக் கீழே நின்று, தவறுகளில் பெரும்பகுதி அவசரத்தாலும் நேரப் போதாமையாலும் வந்தவை என்றால், விடுப்பும் கிடைக்கும் என்றால், 29ஆம் தேதிக்கு மாற்றுங்கள். மாற்றும் முன் சென்னையிலோ பெங்களூருவிலோ அந்த நாட்களில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஓசூரிலிருந்து உங்களுக்குப் பெங்களூருதான் பக்கம். 'தெரியாதது' என்ற பட்டியல்தான் மற்ற இரண்டையும்விட நீளம் என்றால் இரண்டு வாரம் போதாது. அப்போது வேறு ஒன்றைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அதற்கு முன், இந்த 315 எங்கிருந்து வந்தது? கன்சல்டன்சி எல்லோருக்கும் ஒரே எண்ணைச் சொல்கிறது. நீங்கள் விண்ணப்பிக்கும் ஒவ்வொரு துறையின் சேர்க்கைப் பக்கத்தையும் நீங்களே திறந்து வாசியுங்கள். பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கம் போதாது; துறையின் பக்கம் வேண்டும். கொரோனா காலத்தில் ஜிஆர்இயைக் கைவிட்ட துறைகள் பல அதைத் திரும்பக் கொண்டுவரவில்லை. சிலவற்றில் விருப்பம் இருந்தால் அனுப்பலாம் என்று இருக்கும். சிலவற்றில் அனுப்பினாலும் பார்க்க மாட்டோம் என்று இருக்கும். உங்கள் ஆறில் எத்தனை கட்டாயமாகக் கேட்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்றுகூடக் கேட்கவில்லை என்றால் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்து பாதிப் பணத்தை அம்மாவிடம் கொடுத்துவிடலாம். இந்த ஒரு மணி நேர வேலையை ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

ஒன்றிரண்டு கட்டாயமாகக் கேட்கின்றன, உங்கள் தயாரிப்போ அடிப்படையிலேயே குறைவாக இருக்கிறது என்றால், கேட்காத துறைகளுக்கு இந்த ஆண்டும் மற்றவற்றுக்கு அடுத்த ஆண்டும் விண்ணப்பிக்கலாம். ஜிஆர்இ மதிப்பெண் ஐந்து ஆண்டுகள் செல்லும். மார்ச்சிலோ ஏப்ரலிலோ நிதானமாக எழுதி வைத்துக்கொள்ளலாம். ஓர் ஆண்டு போய்விடும் என்று நீங்கள் பதறுவது எனக்குப் புரிகிறது. உடன் படித்தவர்கள் விமான நிலையத்தில் எடுத்த படங்களைப் போடும்போது அது இன்னும் வலிக்கும். ஆனாலும் நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கப் போவதில்லை. நீர்வளம் படிக்கப் போகிற ஒருவர் சைட்டில் மழைநீர் எங்கே தேங்குகிறது, வடிகால் வரைபடத்தில் இருப்பதும் தரையில் இருப்பதும் எப்படி வேறுபடுகின்றன என்று இன்னும் ஓர் ஆண்டு பார்ப்பது, எஸ்ஓபியில், அதாவது ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்தோடு தரும் கட்டுரையில், எழுத உங்களுக்கு மட்டுமே சொந்தமான விஷயம்.

அம்மாவிடம் பேசுங்கள். தேதியை மாற்றிவிட்டுச் சொல்லாமல், மாற்றுவதற்கு முன்பே சொல்லுங்கள். எவ்வளவு திரும்பி வரும், எவ்வளவு வராது, எந்தத் தேதியில் எழுதுவீர்கள் என்ற மூன்றையும் சொல்லுங்கள். சீட்டுக் கட்டி நடத்துகிற அம்மாவுக்குப் பணக் கணக்கு உங்களைவிட நன்றாகவே புரியும். நீங்கள் தூங்காமல் கிடப்பதில் பாதி, இதை அவரிடம் மறைத்து வைத்திருப்பதால் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று. டிசம்பர் 15 என்பது ஜிஆர்இக்கு மட்டுமான எல்லை அல்ல. பரிந்துரைக் கடிதங்களும் அதற்குள் போய்ச் சேர வேண்டும். நவம்பர், டிசம்பரில் கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வும் விடைத்தாள் திருத்தலும் நடக்கும். பேராசிரியர்களைப் பிடிப்பது கடினம். தேர்வு எந்தத் தேதியானாலும் அவர்களுக்கு இன்றே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைத் தேர்வின் மதிப்பெண்ணையும் மூன்று பட்டியல்களையும் எனக்கு அனுப்புங்கள். 10ஆம் தேதிக்குள் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.