கறுப்புத் திரைக்குக் கொஞ்சம் முன்னால்

அன்புள்ள ஐயா,

நீங்கள் ஒரு உரையில் சொன்னதைக் கேட்டு நியூ ஜெர்சி மாஃபியா தலைவன் டோனியின் கதையான 'தி சொப்ரானோஸ்' தொடரைப் பார்க்கத் தொடங்கினேன். இரண்டு மாதத்தில் 86 எபிசோடையும் நேற்று முடித்தேன். கடைசிக் காட்சியில் டோனி குடும்பத்தோடு சாப்பிட உட்காருகிறான். மகள் காரை நிறுத்திவிட்டு ஓடி வருகிறாள், அவன் நிமிர்கிறான், திரை கறுப்பாகிவிடுகிறது. நெட் போய்விட்டதோ என்று எழுந்துபோய் ரவுட்டரைப் பார்த்தேன். இவ்வளவு நேரம் செலவழித்தவனை இப்படி ஏமாற்றலாமா? முடிக்கத் தெரியாமல் விட்டுவிட்டார்களா? டோனி செத்தானா இல்லையா? மூன்றாவது சீசனில் காட்டுக்குள் ஓடிய அந்த ரஷ்யன் என்ன ஆனான்? (கடைசி சீசன் இழுவையாக இருந்ததால் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்தேன். எதையாவது தவறவிட்டேனா தெரியவில்லை.)

ர.

அன்புள்ள ர.,

ரவுட்டரைப் பார்த்ததற்கு வெட்கப்பட வேண்டாம். 2007 ஜூன் 10 இரவு எச்பிஓ சேனலில் அது ஒளிபரப்பானபோது அமெரிக்காவில் எத்தனையோ பேர் கேபிள் போய்விட்டது என்றுதான் நினைத்தார்கள். பத்து விநாடி போல வெறும் கறுப்பு. அப்புறம் பெயர்கள் ஓடின, அதுவும் சத்தமில்லாமல்.

டோனி செத்தான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ் பல வருடம் பிடி கொடுக்காமல் இருந்துவிட்டு, பின்னாளில் பேட்டிகளில் ஏறக்குறைய ஒப்புக்கொண்டார். அதே சீசனில் ஏரியில் படகில் உட்கார்ந்துகொண்டு டோனியின் கூட்டாளி பாபி சொல்வானே, அது நடக்கும்போது நமக்குக் காதில்கூட விழாது போலிருக்கிறது என்று. போதாதா? கடைசிக் காட்சியில் கழிவறைக்குப் போகிற ஜாக்கெட்காரனை வைத்து ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள், நேரமிருந்தால் தேடிப் படியுங்கள். ரஷ்யன் போகட்டும். தொலைந்தவன் தொலைந்தவன்தான்.

அந்த ஒன்றரை மடங்கு வேகத்தைத்தான் என்னால் விட முடியவில்லை. அடைப்புக்குறிக்குள் போட்டால் கண்ணில் படாது என்று நினைத்தீர்களா? முடிக்கத் தெரியவில்லை என்று சேஸைக் குற்றம் சொல்கிறீர்கள். பார்க்கத் தெரிந்தவர் அல்லவா அதைச் சொல்ல வேண்டும்? மகள் மெடோ காரை நிறுத்த முடியாமல் முன்னும் பின்னும் எடுத்துத் திணறுகிறாள். மேசையில் ஆனியன் ரிங்ஸ் வந்து, மூன்று பேரும் ஆளுக்கொன்றாக வாயில் போடுகிறார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் மணி அடிக்கிறது, டோனி ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்குகிறான். அந்தக் காட்சியில் நடப்பது அவ்வளவுதான். அந்த மெதுவைக் கழித்துவிட்டால் மிச்சம் என்ன? ஒரு கார் பார்க்கிங்.

முடிவு என்றால் கணக்குத் தீர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு தொலைக்காட்சியில் புதிதில்லை. 1967 ஆகஸ்ட் 29 அன்று 'தி ஃபியூஜிடிவ்' தொடர் முடிந்தது. செய்யாத கொலைக்காக நான்கு வருடம் ஓடிக்கொண்டிருந்த டாக்டர் கிம்பிள் கடைசியில் உண்மையான கொலையாளியான ஒற்றைக்கை ஆளைப் பிடித்துவிடுகிறார். அந்த நேரத்தில் அமெரிக்காவில் டிவி போட்டிருந்தவர்களில் 72 சதவீதம் பேர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிரபராதி ஓடினால் நின்றாக வேண்டும், நியாயம்தான். டோனிக்கு எந்தக் கணக்கைத் தீர்ப்பது? யாரிடம்?

இதைத்தான் கேட்க வந்தேன். உங்கள் கடிதத்தில் டோனியின் பெரியப்பா ஜூனியர் எங்கே? ரஷ்யன் இருக்கிறான், பெரியப்பா இல்லை.

ஹோல்ஸ்டன்ஸ் உணவகத்தில் நடக்கும் அந்தக் கடைசிக் காட்சிக்குக் கொஞ்சம் முன்னால், டோனி அரசு மனநல விடுதிக்குப் போகிறான். சக்கர நாற்காலியில் கொராடோ ஜூனியர் சொப்ரானோ. முதல் சீசனில் டோனியைக் கொல்ல ஆள் அனுப்பியவர். ஆறாவது சீசனின் முதல் எபிசோடில், மறதி நோயில் வேறு யாரோ என்று நினைத்து அவன் வயிற்றில் சுட்டவர். டோனி பேச வேண்டும் என்று வரவில்லை, ஒரு பண விவகாரம். ஆனால் இந்த மனிதருக்குத் தன்னை அடையாளமே தெரியவில்லை என்பது மெல்ல அவனுக்கு உறைக்கிறது. நீங்களும் என் அப்பாவும் சேர்ந்துதான் வடக்கு ஜெர்சியையே ஆண்டீர்கள் என்று எடுத்துச் சொல்கிறான். அப்படியா, நல்லதுதான் என்கிறார் கிழவர், பக்கத்து வீட்டுப் பையன் பரீட்சையில் பாஸான செய்தியைக் கேட்பதுபோல. டோனியின் கண் கலங்குகிறது. எழுந்து போய்விடுகிறான்.

எத்தனை பிணங்கள் விழுந்த ராஜ்ஜியம் அது! அதை ஆண்ட மனிதருக்கே அது நினைவில்லை. சுட்டவரே மறந்துவிட்டால், சுடப்பட்டவன் அந்தத் தழும்பை யாரிடம் காட்டுவான்? தொடர் எனக்கு அங்கேயே முடிந்துவிட்டது. பிறகு வரும் கறுப்புத் திரை புதிதாக எதையும் செய்வதில்லை. ஜூனியரின் தலைக்குள் ஏற்கெனவே நடந்துவிட்டதை நமக்கும் ஒருமுறை செய்து காட்டுகிறது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, ஆள் வந்துகொண்டிருக்கிறார், பிறகு இல்லை. நீங்கள் அதை எத்தனை விநாடியில் தாண்டினீர்கள்?

கோபமாக எழுதுகிறேன், தெரிகிறது. காரணம் உண்டு.

என் பெரியப்பாவும் அப்பாவும் பதினாறு வருடம் பேசவில்லை. தாத்தாவின் வீட்டை விற்றதில் வந்த சண்டை. பெரியப்பா எல்லார் முன்னாலும் அப்பாவை ஒரு வார்த்தை சொன்னார், அதை இங்கே எழுத மாட்டேன். அவருக்கு நினைவு தப்பிவிட்டது என்று கேள்விப்பட்டு நான் மட்டும் பார்க்கப் போனேன். சட்டைப் பொத்தான்களை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தார். அவிழ்த்து ஒவ்வொன்றாகச் சரியாகப் போட்டுவிட்டேன். போட்டு முடிக்கும்வரை குழந்தைபோல மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றார். "தம்பி யாரு?" என்றார். இன்னார் மகன் என்று அப்பாவின் பெயரைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவர் நல்ல மனுஷரா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். "அப்ப சரி" என்றார்.

பதினாறு வருடமாக ஒரு மன்னிப்புக்காக அப்பா காத்திருந்தார். அதைக் கேட்க வேண்டிய ஆள் அந்தச் சட்டைக்குள் இல்லை. டோனி எழுந்து போனபோது அவன் முதுகை நான் அடையாளம் கண்டுகொண்டேன், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அந்த ஆள் என்ன சொன்னார்?" என்றார்.

"உங்களைத்தான் விசாரிச்சார்" என்றேன்.

பேப்பரை மடித்து வைத்தார். "அண்ணன் விசாரிச்சாரா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனபிறகு, இன்னொரு முறையும் கேட்டார்.

அடுத்து என்ன தொடர் பார்க்கலாம் என்று உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள், அதை மேலே வெட்டிவிட்டேன். அடுத்தது ஒன்றும் வேண்டாம். அந்த விடுதிக் காட்சி சில நிமிடம்தான், சாதாரண வேகத்தில் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.